நார்த் போல் டியூப்: அளவு எண்ணை மட்டும் பார்த்து எடுத்தால் போதாது

தாடை முறிவு, வாய்ப் புற்றுநோய் போன்ற அறுவைகளில் வாயை முழுக்க அறுவை மருத்துவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அங்கே கைகொடுப்பது, மயக்கத்தில் இருப்பவர் சுவாசிக்க மூக்கு வழியே மூச்சுக்குழலுக்குள் செலுத்தும் பிளாஸ்டிக் குழாய். முன்கூட்டியே வளைத்து வார்த்த மூக்குக் குழாயை ஆபரேஷன் தியேட்டரில் எல்லோரும் நார்த் போல் என்றுதான் கேட்பார்கள். ரிங், அடேர், எல்வின் ஆகிய மூவர் குழந்தைகளுக்காக 1975இல் வெளியிட்ட வடிவத்தின் வழிவந்தது என்பதால் ஆர்.ஏ.ஈ. என்றும் பெயர்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். குழாய் மூக்கைவிட்டு வெளியே வந்ததும் நெற்றிப் பக்கம் திரும்பிவிடும். மயக்க மெஷினோடு இணைக்கும் சர்க்யூட் தலைமாட்டில் கிடக்கும், அறுவை நடக்கும் இடம் காலியாக இருக்கும். சாதாரண பி.வி.சி. குழாயை அப்படித் திருப்பினால் மூக்கு வாசலில் மடிந்து அடைத்துக்கொள்ளும்.

குறை நீளத்தில் இருக்கிறது. சாதாரணக் குழாயில் ஆழத்தை நாம் முடிவு செய்கிறோம். இதில் வளைவு மூக்குத் துவாரத்தில் வந்து உட்கார்ந்ததும் ஆழம் முடிவாகிவிடும். அந்த நீளம் அளவோடு கட்டுண்டது: எண் குறைந்தால் நீளமும் குறையும்.

பெண்களுக்கு 6.0 அல்லது 6.5, ஆண்களுக்கு 6.5 அல்லது 7.0 என்பது வழக்கம். இந்த எண் உள்விட்டம். மூக்கை உரசுவது வெளிவிட்டம், 6.5 குழாயில் அது ஏறத்தாழ 9 மி.மீ. ரத்தம் வருமே என்ற பயத்தில் உயரமான ஆணுக்கு 6.0 போடும்போதுதான் சிக்கல் வருகிறது. வளைவு மூக்கில் முட்டி நிற்கும், குழாய் நுனியருகே காற்றடைக்கும் பலூனான கஃப்போ குரல் நாண்களுக்கு நடுவிலேயே இருக்கும். கஃப்பில் காற்று இருப்பதை வெளியே காட்டும் பைலட் பலூன் இறுகியிருந்தும் காற்று கசிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பலரும் இன்னும் காற்றை ஏற்றுகிறார்கள். அது கஃப்பை மேலே பிதுக்கும், குரல் நாண்களையும் நசுக்கும். குரல் நாண்களைக் காட்டும் லாரிங்கோஸ்கோப்பில் பார்த்து, நீளமான குழாய்க்கு மாற்றுவதே சரி. மூக்கு குறுகலாக இருந்தால் எம்.எல்.டி. (மைக்ரோலாரிஞ்சியல்) குழாய் நல்ல தேர்வு. விட்டம் சிறியது, நீளமோ பெரியவர்களுக்கு உரியது.

குள்ளமானவருக்கு இதற்கு நேர்மாறு. வளைவுவரை தள்ளினால் நுனி வலது மூச்சுக்கிளைக்குள் போய்விடும். சற்று வெளியே இழுத்து, வளைவுக்கும் மூக்குக்கும் நடுவே காஸ் துணியை மடித்துவைத்து, பிளாஸ்டரால் இறுக்க வேண்டும்.

மூக்குத் துவாரத்தில் ஆணுக்கு 28 செ.மீ., பெண்ணுக்கு 26 செ.மீ. என்று தொடங்கலாம். இது தொடக்கம் மட்டுமே. கஃப்பின் மேல்விளிம்பு குரல் நாண்களுக்கு 2 செ.மீ. கீழே இறங்கியதைக் கண்ணால் பார்ப்பதுதான் தீர்ப்பு. ஆகவே உறையைப் பிரித்ததும் வளைவிலிருந்து நுனிவரை எத்தனை செ.மீ. என்று பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். குழந்தைகளில், 2 வயதுக்கு மேல், கஃப் உள்ள குழாய்க்கு வயதை 4ஆல் வகுத்து 3.5 கூட்டுங்கள், ஆழத்துக்கு வயதில் பாதியோடு 15. ஆறு வயதுக்கு 5.0 குழாய், 18 செ.மீ.

பொருத்தியபின் தலையை நகர்த்தினால் கணக்கு மாறும். கழுத்தைப் பின்னால் சாய்த்தால் நுனி சுமார் 2 செ.மீ. மேலேறும், முன்னால் மடக்கினால் கீழிறங்கும். மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவைக் காட்டும் கேப்னோகிராஃபில் அலை வருகிறது என்பதால் ஆழம் சரி என்றாகாது. இரு பக்கமும் மறுபடி ஸ்டெத் வைத்துக் கேட்க வேண்டும்.

நுழைக்கும் முன் மூக்கின் ரத்தநாளங்களைச் சுருக்கும் 0.1% சைலோமெட்டசோலின் சொட்டு, வெதுவெதுப்பான சலைனில் ஊறிய குழாய், தாராளமாக ஜெல்லி. நெற்றியை நோக்கித் தள்ளாமல் மூக்கின் தரையோடு நேராகப் பின்னால் செலுத்துங்கள். முட்டினால் அழுத்தாதீர்கள்; அடுத்த துவாரம் இருக்கிறது. தொண்டைக்குள் குழாயைப் பிடித்துச் செலுத்தும் மகில் ஃபோர்செப்ஸ் இடுக்கியால் கஃப்பைக் கவ்வினால் கிழியும். மண்டையோட்டு அடித்தள முறிவு இருக்கலாம் என்றால் மூக்குவழியே வேண்டாம்.

சில மணி நேர தாடை அறுவைக்கு இதைவிட வசதியான குழாய் இல்லை. மணிக்கொரு முறை மூக்கின் ஓரத்தோல் வெளுக்கிறதா என்று பாருங்கள், கஃப் அழுத்தத்தை 20 முதல் 30 செ.மீ. நீரளவில் வையுங்கள். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் தொடரப் போகிறவருக்கு இது ஒத்துவராது: வளைவில் சளி உறிஞ்சும் சக்ஷன் கதீட்டர் சிக்கும், சளி உள்ளேயே தங்கிவிடும். ஐ.சி.யூ.வுக்கு அனுப்பும் முன் நேர்க்குழாய்க்கு மாற்றிவிடுங்கள். பாக்கு மென்று வாய் திறக்காமல் போனவர்களுக்கு மட்டும் மூச்சுவழியைப் பார்க்க உதவும் வளையும் ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.