பள்ளிக்கு வந்த மண்வினைப் பயிற்சி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு மதிப்பீடு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையருகே உள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறை ஊராட்சியின் பாலியேட்டிவ் பிரிவுக்கு (தீரா நோயாளிகளின் வலிதணிக்கும் பராமரிப்புப் பிரிவு) நிதி திரட்டுவதற்காக, கார்த்திகை தீபத்தை ஒட்டி எங்கள் மாணவர்கள் தம் கையாலேயே அகல்களும் கிண்ணங்களும் செய்து விற்றார்கள். 1990-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு பள்ளியில் தொடங்கிய 'எம்ப்டி போல்ஸ்' முயற்சியில், மாணவர் வனைந்த கிண்ணத்தில் எளிய உணவை உண்டு, கிண்ணத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்பவர் பசிப்பிணி போக்க நன்கொடை தருவார். அந்த யோசனையைத்தான் நாங்கள் அகலுக்கு மாற்றிக்கொண்டோம். பயிற்சி தந்த மண்பாண்டக் குழு, மண்ணும் சூளைக்கூலியும் சேர்த்து மாணவருக்கு 180 ரூபாய் வாங்கியது.

கற்பித்த விதத்தில் குறையே இல்லை. குயவர் சக்கரத்தைக் காட்சிக்கு மட்டும் சுழற்றிவிட்டு, முதல் ஒரு மணி நேரமும் மண்ணைப் பிசையவே விட்டார்கள். கைப்பிடி ஒட்டுமிடத்தை இருபுறமும் கீறிச் சேற்றுக்குழம்பு தடவ வேண்டும் என்பதை, மலையாளத்தில் தொடங்கிப் பிள்ளைகளின் முகம் பார்த்துத் தமிழுக்கு மாறிய மூத்த குயவர், ஒவ்வொரு மேசையாக நின்று செய்துகாட்டினார்.

உலர்த்தியதில்தான் பிழை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்நாட்களில் வீசும் வறண்ட காற்றை அறிந்தவர்கள், பச்சை மண்ணைத் திறந்த தாழ்வாரத்தில் பரப்பியிருக்கக் கூடாது. தடித்த அடிப்பகுதி ஈரமாக இருக்கும்போதே மெல்லிய விளிம்பு காய்ந்து சுருங்கியதால் பதினேழு உருப்படிகள் வெடித்தன; ஈரம் போகாத இன்னும் சில, உள்ளே நீராவி திரண்டு சூளையில் சிதறின. நனைத்த துணி போர்த்தி, நிழலில் ஒரு வாரம் விட்டிருந்தால் பெரும்பாலானவை தப்பியிருக்கும்.

வண்ணம் தீட்டுவதற்குச் சுட்டபின் அக்ரிலிக் கொடுத்தார்கள். பார்வைக்கு அழகுதான், ஆனால் திரி எரியும் மூக்கில் அந்த வண்ணம் கருகும், கிண்ணத்திலோ ரசம் ஊற்ற முடியாது. "தண்ணியில ஊறவெச்சா சாயம் உரியுமா கண்ணு?" என்று கேட்ட பாட்டிக்கு எங்களிடம் பதில் இல்லை. எண்ணெய் குடிக்காமல் இருக்கப் புது அகலை ஊறவைப்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கமாயிற்றே. கிண்ணங்களில் 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டியே விற்றோம்.

இத்தனைக்குப் பின்னும் அடுத்த ஆண்டு இவர்களையே அழைக்கிறோம். காற்று தொடங்குமுன், ஆவணியில் வர வேண்டும், அக்ரிலிக்குக்குப் பதிலாகச் சுடுவதற்கு முன் பூசும் காவிக் குழம்பு கொண்டுவர வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளுடன்.