மடக்கு சக்கர நாற்காலி: மலைப் பள்ளிக்குச் சரிப்படுமா?

சமதளத்துக்கு நல்ல சாமான்தான்; குன்னூர், கோத்தகிரி மேடுபள்ளத்தில் பாதி மதிப்பெண். இருக்கை 18 அங்குலம், பெரியவர் அளவு. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அப்புறம் எங்கே எழுத? இடுப்பு அகலத்தோடு ஓர் அங்குலம் கூட்டி வாங்குங்கள். பாதம் கால்பலகையில் முழுதாகப் படியாவிட்டால் உடம்பு முன்னால் வழுக்கும்.

முன்சக்கரம் சிறிது. ஜல்லியில் சிக்கினால் பிள்ளை குப்புற விழும்; இறக்கத்தில் நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாகவே இறக்குங்கள். பிரேக் டயரை அழுத்திப் பிடிக்கும் வகை, காற்றிறங்கினால் பிடிக்காது. மூடுபனி ஈரத்தில் போல்ட் துருவேறும், எண்ணெய் விடுங்கள்.

பள்ளியில் ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்தளம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கைகொடுக்கும்.