வெள்ளை ஈ: சோப்புக் கரைசலா, வேப்பெண்ணெயா, கடை மருந்தா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டுத் தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிவந்தவர்களும் வாசலில் நான்கு மிளகாய்ச் செடியும் ஒரு கொய்யாவும் வைக்காமல் இருப்பதில்லை. அவற்றில் வெள்ளை ஈ விழுந்தால் எதைத் தெளிப்பது என்பதில் ஆளுக்கொரு கட்சி. வந்திருப்பது எது என்று பார்க்காமல் இதற்கு விடை கிடைக்காது.

செடியைத் தட்டியதும் கூட்டமாக எழும்பிப் பறந்து, மீண்டும் இலையடியிலேயே அமர்ந்தால் அது வெள்ளை ஈ. தட்டியும் அசையாமல் கணுக்களில் ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. மிளகாய், கத்தரி, வெண்டையில் காணப்படுவது பெரும்பாலும் 1 மில்லிமீட்டர் அளவேயுள்ள புகையிலை வெள்ளை ஈ. இலைச்சுருட்டு நச்சுயிரியைப் பரப்புவது இதுவே. கொய்யா, மரவள்ளி இலையடியில் மெழுகால் கோலம் போட்டதுபோல் வளையம் வளையமாக முட்டையிடுவது சற்றே பெரிய சுருள் வெள்ளை ஈ. இரண்டின் குஞ்சுகளும் சிறிது தூரம் ஊர்ந்து ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால், இறக்கை முளைக்கும்வரை பெரும்பாலும் இடம் பெயர்வதில்லை. நம் வெப்பத்தில் முட்டை ஈயாக ஏறத்தாழ 3 வாரம் ஆகும்.

மஞ்சள் ஒட்டு அட்டை பறப்பவற்றை மட்டுமே பிடிக்கும் என்பதால், அது வேவு பார்க்கத்தான் உதவும்.

உண்மையான போட்டி சோப்புக்கும் வேப்பெண்ணெய்க்கும்தான். சோப்புக் கரைசல் மலிவு. பட்ட பூச்சியை உடனே கொல்லும். ஆனால் காய்ந்த மறுகணம் அதற்கு வேலையில்லை. ஆகவே இலையின் மேற்புறம் தெளிப்பவர் செடியைக் குளிப்பாட்டுகிறாரே தவிரப் பூச்சியைத் தொடவில்லை. லிட்டருக்கு 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புடன் கலந்து தெளித்தால், அதிலுள்ள அசாடிராக்டின் குஞ்சுகள் தோலுரிப்பதைக் கெடுக்கும். பலன் தெரியச் சில நாள் ஆகும். விளக்கேற்ற விற்கும் கலவை எண்ணெய்க்கு இந்த வித்தை தெரியாது. ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் மாலை மழை தவறாமல் கொட்டும் பேராக்கில், மாலையில் தெளித்தது வாய்க்காலுக்குத்தான் போகும். வெயில் ஏறுவதற்கு முன் காலையில் தெளிப்பதே சரி. மிளகாய்க்கு என் தேர்வு வேப்பெண்ணெய். வாரம் ஒருமுறையாக 3 வாரம் விடாமல் தெளிக்க வேண்டும். கொய்யாவில் மெழுகு தடுப்பதால், தெளிப்பதைவிட மோசமான இலைகளைக் கிள்ளிவிட்டு இரப்பர் குழாயில் தண்ணீரைப் பீய்ச்சுவது மேல்.

இமிடாகுளோபிரிட் போன்ற கடை மருந்தைக் கடைசியில்தான் வைப்பேன். புகையிலை வெள்ளை ஈ பல நாடுகளில் அதற்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. தேனீக்களுக்குக் கேடு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திறந்தவெளிப் பயன்பாட்டைத் தடைசெய்தது. குழம்புக்கு அன்றாடம் பறிக்கும் காயில் அதைத் தெளிப்பானேன்? வாங்கியே தீர வேண்டுமென்றால், மலேசியாவின் 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவெண் அச்சிட்ட புட்டியை வாங்குங்கள். பிரித்து ஊற்றிய மினரல் போத்தலைத் தொடாதீர்கள்.

எதையும் தெளிக்குமுன் இலையடியில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஈயின் காலிக்கூடுகளை உருப்பெருக்கியால் பாருங்கள். ஈ வெளியேறிய கூட்டில் பிளவு இருக்கும். வட்டத் துளை இருந்தால், வெள்ளை ஈக் குஞ்சைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவி வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள், அந்தச் செடியைச் சில நாள் விட்டுவைக்கலாம். வீட்டுக்குள் இருக்கும் மணி பிளாண்டுக்கு வேப்பெண்ணெய் வாடையைவிட, இலையடியை ஈரத்துணியால் துடைத்து மற்றத் தொட்டிகளிலிருந்து விலக்கி வைப்பதே போதும். இலைச்சுருட்டு நச்சுயிரி தாக்கி நுனி சுருண்டு மஞ்சளித்த மிளகாய்ச் செடிக்கு மட்டும் எந்த மருந்தும் இல்லை. ஈ பறப்பதற்கு முன் பையால் மூடி, வேரோடு பிடுங்கிவிட வேண்டும்.