பாலர் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் செய்தி: பீடோங் வட்டாரத்தில் சில ஆண்டு அனுபவம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கம் குடியிருக்கும் இளம் பெற்றோர் பலர், பிள்ளையை எந்தப் பாலர் பள்ளியில் போடலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். என் மகள் தமிழ்ப்பள்ளிக்குள்ளேயே இருக்கும் பாலர் வகுப்பில் படித்து முடித்து, இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். மகன் அதே பாலர் வகுப்பில் இருக்கிறான். அதற்கு முன் இருவரும் தனியார் பராமரிப்பு மையங்களுக்குப் போனவர்கள். இத்தனை நாள் பழக்கத்தில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கட்டடம், சுவரில் வண்ணம், விளையாட்டுச் சாமான் எல்லாம் பாருங்கள், வேண்டியதுதான். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, அங்கே நடப்பது வீட்டுக்கு எப்படித் தெரிய வருகிறது, வீட்டில் நடப்பது அங்கே எப்படிப் போய்ச் சேருகிறது என்பதுதான். என் பிள்ளைகள் இருவரும் வாய் திறந்து பேசியதற்கும் எழுத்துக் கூட்டி வாசித்ததற்கும் இந்தச் செய்திப் போக்குவரத்தே பெரிய காரணம்.

அடிப்படை விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது கல்வி அமைச்சின் பாலர் வகுப்பு. ஒரு வகுப்பில் 25 பிள்ளைகள்தான் உச்சம். ஓர் ஆசிரியர், அவருக்கு உதவியாக ஒருவர். அந்த உதவியாளரைப் பிள்ளைகள் அக்கா என்று கூப்பிடுகிறார்கள். படிப்புக்குக் கட்டணம் இல்லை, பசியாற அங்கேயே கொடுக்கிறார்கள். நாளுக்கு நான்கு மணி நேர வகுப்பு. கெடாவில் வெள்ளி, சனி விடுமுறை என்பதால் எங்களுக்குப் பள்ளி வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் உண்டு. வேறு அரசாங்கத் துறைகள் நடத்தும் கெமாஸ், பெர்பாடுவான் பாலர் பள்ளிகளும் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன, அங்கே பிள்ளைகளை அனுப்பிய உறவினர்கள் குறை சொன்னதில்லை. நாங்கள் தமிழுக்காக இதைத் தேர்ந்தெடுத்தோம்.

செய்தியைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக வேண்டும். கைக்குழந்தையான என்னை ஆயாக் கொட்டகையில் தொட்டிலில் போட்டுவிட்டு வெட்டுக்குப் போவார், பாலைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு மதியம் வந்து தூக்கிக்கொள்வார். பார்த்துக்கொண்ட ஆயா அடுத்த லயத்துக்காரர், லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. பிள்ளை அழுததா, சாப்பிட்டதா, யாரைக் கடித்தது என்பதெல்லாம் தண்ணீர்க் குழாயடியிலேயே தெரிந்துவிடும். தனியாக யாரும் எழுதி அனுப்ப வேண்டியதில்லை. இன்றைக்கு அந்த ரப்பர்க் காட்டில் பாதிக்கு மேல் செம்பனை. லயத்து ஜனங்கள் டவுனைச் சுற்றியுள்ள வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்துவிட்டார்கள். நாங்கள் சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறோம், சிலர் கூலிம் வரை போகிறார்கள். பிள்ளையின் பகல் பொழுதை நாம் பார்ப்பதே இல்லை. அந்தப் பொழுதை யாராவது நமக்குச் சொன்னால்தான் உண்டு.

எங்கள் வகுப்பு ஆசிரியர் அதை ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டில் சொல்கிறார். ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் செய்தி நோட்டு என்று ஒன்று இருக்கும். எல்லாப் பிள்ளைக்கும் தினமும் எழுத அவருக்கு நேரமிருக்காது, ஒரு நாளைக்கு ஐந்தாறு பிள்ளைகள் என்று முறை வைத்துக்கொண்டிருக்கிறார். நீளமாக எழுத மாட்டார், இரண்டு மூன்று வரிதான். மகளின் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "இன்று தோட்டத்தில் மண்புழு பார்த்தோம். முதலில் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அப்புறம் கையில் வைத்துக் காட்டினாள். எந்தப் பக்கம் தலை என்று எப்படிக் கண்டுபிடித்தாள் என வீட்டில் கேளுங்கள்."

வேலை முடிந்து வந்து "இன்னைக்கு என்னம்மா படிச்ச?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் "ஒன்னும் இல்ல" என்றுதான் சொல்லும். மண்புழுவுக்குத் தலை எங்கே என்று கேட்டுப் பாருங்கள். புழு எப்படி ஊர்ந்தது, எந்தப் பக்கம் நீட்டி நீட்டிப் போனது, யார் கத்தினார்கள், அக்கா என்ன சொன்னார் என்று சாப்பாட்டுத் தட்டு காயும் வரை பேசினாள். நடுவில் அவளுக்கு வராத சொல்லை நாங்கள் எடுத்துக் கொடுப்போம், அவள் பிடித்துக்கொண்டு மேலே போவாள். சின்ன வயதில் பேச்சு வளர்வது இப்படித்தான்: பிள்ளை ஒன்று சொல்ல, பெரியவர் அதைப் பிடித்து ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்ல, பிள்ளை மறுபடி சொல்ல வேண்டும். அந்தப் பேச்சைத் தொடங்கி வைக்கும் நுனி எங்களுக்கு நோட்டிலிருந்து கிடைத்தது.

நோட்டு அந்தப் பக்கமும் போகும், அதுதான் இதில் இன்னும் பெரிய விஷயம். வீட்டில் நடந்ததை நாங்கள் ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். காலையில் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்காருவார்கள். முறை வரும் பிள்ளை எழுந்து தன் செய்தியைச் சொல்ல வேண்டும். சொல்லத் திணறினால் ஆசிரியர் நோட்டைப் பார்த்து ஒரு கேள்வி போட்டு உதவுவார். மகன் முதல் சில வாரம் வாயே திறக்கவில்லை. பிறகொரு நாள், பாட்டி காய வைத்த கருவாட்டைப் பூனை தூக்கிக்கொண்டு ஓடியதைச் சொல்லியிருக்கிறான். ஆசிரியர் அதை அவன் கண் முன்னாலேயே மணிலா அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினார்: "பாட்டி கருவாடு காய வைத்தார். பூனை தூக்கிக்கொண்டு ஓடியது." கீழே அவன் பெயர். அட்டையைச் சுவரில் மாட்டி, ஒவ்வொரு சொல்லாகக் குச்சியால் தொட்டு வகுப்பே வாசித்தது. அவன் முதன்முதலில் தானாக வாசித்த வாக்கியம் அதுதான். மாமியாரைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்த அட்டையைக் காட்டிய பிறகே அவனுக்கு மனம் ஆறியது.

அச்சடித்த பயிற்சிப் புத்தகத்தில் வரும் "அம்மா, ஆடு, இலை" எல்லாம் தேவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தான் சொன்ன சொல்லே எழுத்தாகிச் சுவரில் நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு வாசிக்க வேறு தூண்டுதல் தேவைப்படாது. ஐந்து வயதில் எழுத்துப் பயிற்சி பக்கம் பக்கமாகக் கொடுக்கும் தனியார் மையங்களை நல்ல மையம் என்று நம்புகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய. பிள்ளை வீட்டுப்பாடம் செய்வது அவர்களுக்கு மனநிறைவு தருகிறது. அரசாங்கத்தின் பாலர் பள்ளிக் கலைத்திட்டமே விளையாட்டு வழிக் கற்றலைத்தான் சொல்கிறது என்பதை அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விளையாட்டு என்றால் எப்படி என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ரப்பர்க் காய் வெடிக்கும் பருவத்தில் ஆசிரியர் ரப்பர் கொட்டை பொறுக்கிக்கொண்டு வரச் சொல்லிச் செய்தி அனுப்பினார். வெடிக்காத காய் ஒன்றிரண்டும் கேட்டிருந்தார். ஒரு காய்க்குள் மூன்று கொட்டை இருக்கும். வெயிலில் வைத்த காய் 'பட்'டென்று வெடித்துக் கொட்டை தெறித்ததும் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஒரு காய்க்கு மூன்று, இரண்டு காய்க்கு ஆறு என்று எண்ணிக்கை அங்கேயே வந்துவிட்டது. கொட்டையின் மேல் புள்ளியும் கோடும் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது, அதைப் பார்த்துத் தரம் பிரித்தார்கள். பச்சைக் கொட்டையில் நச்சு உண்டு, வாயில் வைக்கக் கூடாது என்று அக்கா எல்லார் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தார். அடுத்த வாரம் தாத்தா பாட்டிகளைக் கூப்பிட்டிருந்தார்கள். என் அம்மாவும் போனார். பல்லாங்குழிப் பலகையில் அந்தக் கொட்டைகளைப் போட்டு ஆடக் கற்றுக்கொடுத்தார். மலாய்க்காரர்களின் சொங்காக்கும் இதே குடும்பம் என்று ஆசிரியர் காட்ட, பக்கத்திலிருந்த அக்கா ஒரு சொங்காக் பலகையை எடுத்து வந்தார். கொட்டையைத் தரையில் தேய்த்துச் சூடாக்கித் தோழி கையில் வைத்துச் சுட்ட கதையையும் அம்மா சொல்லிவிட்டார். அன்று மாலை எங்கள் வீட்டுத் தரை தேய்ந்தது.

புலனக் (வாட்ஸ்அப்) குழு விஷயத்துக்கு வருகிறேன். மகள் சேர்ந்த காலத்தில் குழு ஒரே இரைச்சல். காலை வணக்கப் படம், சாமி படம், யாரோ விற்கும் முறுக்கு, நடுவில் "நாளைக்கு வெள்ளைச் சட்டை" என்ற அறிவிப்பு. அறிவிப்பைத் தேடி எடுப்பதற்குள் தூக்கம் வந்துவிடும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேசி, ஆசிரியரும் அக்காவும் மட்டும் பதிவிடுமாறு மாற்றினார்கள். இப்போது சனிக்கிழமை மாலை அந்த வாரத் திட்டம் வரும்: கருப்பொருள், மூன்று மொழியிலும் சில சொற்கள், வீட்டிலிருந்து கொண்டு வர வேண்டியது. படங்கள் வாரத்துக்குச் சில மட்டும். பிள்ளைகள் முகம் தெரியும் படத்தை முகநூலில் போடும் முன் பெற்றோரிடம் எழுத்தில் கேட்கிறார்கள், வேண்டாம் என்றவர்களின் பிள்ளையை விட்டுவிடுகிறார்கள். இதை எல்லா இடத்திலும் கேட்டு வாங்குங்கள். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் பாட்டிகளுக்காக ஆசிரியர் தமிழில் குரல் பதிவும் அனுப்புகிறார். எங்கள் வீட்டில் அதை என் அம்மாதான் முதலில் கேட்டுவிட்டு எனக்குச் சொல்வார்.

மேலிடத்திலிருந்து வரும் சுற்றறிக்கை மலாயில் மட்டும் இருக்கும். ஆசிரியர் அதன் சாரத்தைத் தமிழில் சொல்வது அவருடைய நல்ல மனசு, அது ஏற்பாடாக இன்னும் ஆகவில்லை. இன்னொன்று, குழுவில் பெரும்பாலும் தாய்மார்களின் எண்கள்தான். தகப்பன்மார் எண்ணையும் சேர்க்கச் சொல்லி நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். என் கணவரைச் சேர்த்த பிறகு வகுப்புக்குக் கேட்கும் அட்டைப்பெட்டி தேடுவது அவர் வேலையாகிவிட்டது.

நோய்ச் செய்திதான் எனக்கு மிக முக்கியம். மகன் முன்பு போன ஒரு மையத்தில், கை கால் வாய்ப்புண் நோய் வந்த பிள்ளை இருந்தும் எங்களிடம் சொல்லவில்லை. மகனுக்கு வாய்க்குள் புண் வந்து எச்சில் விழுங்க முடியாமல் அழுதபோது டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் மகளுக்கும் ஒட்டிக்கொண்டது. மையத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்ற பயத்தில் மறைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் பெரிய துரோகம். இங்கே காலையில் வாசலிலேயே கை, பாதம், வாய் மூன்றையும் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். ஒரு பிள்ளைக்குக் கொப்புளம் தெரிந்தால் பெயர் சொல்லாமல் அன்றைக்கே எல்லாருக்கும் செய்தி வந்துவிடும். என்ன அறிகுறி பார்க்க வேண்டும், எத்தனை நாள் வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கும். இந்தக் கிருமிக்கு ஆல்கஹால் கைத்தூய்மி சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான் நம்பகம் என்பதையும் அந்தச் செய்தியிலிருந்துதான் நான் தெரிந்துகொண்டேன்.

ஆண்டிறுதிப் பட்டமளிப்பு விழாவைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. அங்கியும் தொப்பியும் போட்டுப் பிள்ளை மேடை ஏறுவதைப் பார்க்கக் கண் கலங்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கான நடன ஒத்திகை பல வாரங்களைத் தின்றுவிடுகிறது. காலை வட்டம் இல்லை, தோட்டம் இல்லை, நோட்டில் "இன்று நடனப் பயிற்சி" என்ற ஒரே வரி. ஆடை வாடகை, முகப்பூச்சு, படம் என்று நாள் சம்பளக்காரர் வீட்டுக்கு அது சுமை. பொங்கலன்று பள்ளி வளாகத்தில் பானை வைத்து, பெற்றோரும் பிள்ளைகளும் விறகு தள்ளி, ஆளுக்கொரு கை பொங்கல் சாப்பிட்டோமே, அதில் எந்தப் பிள்ளைக்கும் ஒத்திகை தேவைப்படவில்லை. விழாவும் அந்த அளவில் இருந்தால் போதும் என்று கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன்.

நான்கு வயதுக்குக் கீழான பிள்ளையை விடுவதென்றால், அந்த மையம் 1984-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நலத்துறையில் பதிந்ததா என்று கேளுங்கள், பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். ஒரு வயதுக்குக் கீழே மூன்று குழந்தைக்கு ஒருவர், ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை ஐந்து குழந்தைக்கு ஒருவர், மூன்றிலிருந்து நான்கு வயதுவரை பத்துக்கு ஒருவர் என்பது விதி. தலைகளை எண்ணிப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

எங்களுக்கு இன்னும் தீராத சிக்கல் மதியத்துக்கு மேல்தான். வகுப்பு முடியும் நேரத்தில் நாங்கள் யாரும் வேலையிலிருந்து வர முடியாது. பாட்டி இருக்கும் வீட்டுக்குக் கவலையில்லை. மற்றப் பிள்ளைகள் வேனில் ஏறி யார் யார் வீட்டுக்கோ போகிறார்கள், அந்தப் பொழுதைப் பற்றி ஒரு செய்தியும் வருவதில்லை. பள்ளியில் காலியாக ஓர் அறை இருக்கிறது. மாலை வரை பிள்ளைகளை வைத்துப் பார்க்கச் சங்கத்தின் மூலம் ஏற்பாடு செய்யப் பேசிக்கொண்டிருக்கிறோம். பராமரிப்புப் பயிற்சி முடித்த, தமிழ் பேசும் ஆள்தான் கிடைக்கவில்லை. பீடோங், செமிலிங், குருண் பக்கம் அப்படி யாராவது வேலை தேடிக்கொண்டிருந்தால் சொல்லுங்கள்.