மீன்பிடித் தடைக்காலத்துல அருவிக்குப் போறதுன்னா: குற்றாலமா, பாபநாசமா?

அதிகாரிகளை மிரட்ட 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்'னு சொல்வாங்களே, அந்தக் காடு எங்க ராமநாதபுரம்தான். மூணு பக்கமும் கடல் இருந்தும் குடத்தைத் தூக்கிக்கிட்டு லாரிக்குக் காத்திருக்கிற பாம்பன்காரனுக்கு அருவின்னா ஒரு கிறுக்கு. வருஷா வருஷம் எங்க வீட்ல இதே பஞ்சாயத்துதான். மச்சான் குற்றாலம்பார், நான் பாபநாசம் அகஸ்தியர் அருவிம்பேன்.

அழகு, பேர், கடைத்தெரு எல்லாத்துலயும் குற்றாலம்தான் மேல. பேரருவித் தண்ணி பாதி வழியில பொங்குமாங்கடல்ங்கிற பாறைக் குழியில விழுந்து வேகம் தணிஞ்சு வர்றதாலதான் நம்ம தலை தப்பிக்குது. பக்கத்துலயே நடராஜரோட அஞ்சு சபைகள்ல ஒண்ணான சித்திர சபை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் அந்தச் சாரலைப் பார்த்துட்டுத்தான் கிராம்பும் ஜாதிக்காயும் நட்டான். இதுல எனக்கு மறுபேச்சே இல்லை.

ஆனா நம்ம காலண்டர் வேற. விசைப்படகுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரை, 61 நாள். 2017க்கு முன்னாடி 45 நாள்தான். முதல் ஒரு மாசம் மராமத்து, பெயின்ட், வலைன்னு ஓடிடும். மே பாதிக்கு மேலதான் கை காலியாகும், பிள்ளைகளுக்கும் லீவு. குற்றாலச் சீசனோ தென்மேற்குப் பருவமழையை நம்பி ஜூன்லதான் ஆரம்பம். அங்க சாரல் விழுற நேரத்துல நாம டீசல் போட்டுக் கடலுக்குக் கிளம்பிடுவோம். தடை முடிஞ்சு முதல் மீன்பாட்டை விட்டுட்டு எவனாவது அருவிக்குப் போவானா?

போன வருஷம் மச்சான் பேச்சைக் கேட்டு மே கடைசியில குற்றாலம் போனோம். பாறை ஓரமா நூல் மாதிரி தண்ணி. அதுக்கு முப்பது பேர் வரிசை. லாட்ஜ்காரர் மட்டும் முழுச் சீசன் வாடகை வாங்கிட்டார். கோடையில திடீர் மழை பெஞ்சா தண்ணி வரும்தான், ஆனா வர்ற விதம் பயங்கரம். 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல காட்டாத்து வெள்ளம் ஒரு பையனை அடிச்சிட்டுப் போயிருச்சு.

பாபநாசத்துல வத்தாத தாமிரபரணி. மேல 143 அடி அணை. 1880கள்ல விக்கிரமசிங்கபுரத்துல ஹார்வி மில் வந்ததே இந்த ஆத்தோட விசையை நம்பித்தான். 1944ல மின்நிலையமும் வந்துச்சு. ஆலைக்கும் கரண்டுக்கும் உதவின அதே ஆறுதான் மே மாசம் நம்ம தலையிலயும் விழுது. இந்தத் தடவை அப்பத்தா இரும்புக் கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு அரைமணி நேரம் நின்னுச்சு. உதட்டை நக்கிப் பார்த்துட்டு, "உப்பே இல்லடா"ன்னுச்சு. வெளிய வந்ததும் அஞ்சு லிட்டர் கேன் ரெண்டு பிடிச்சு வண்டியில ஏத்திட்டுத்தான் துணி மாத்துச்சு.

குறையும் உண்டு. புலிகள் காப்பகம்கிறதால சோதனைச் சாவடியில பையைப் பிரிச்சுப் பார்ப்பாங்க. சாயங்காலத்துக்கு மேல இருக்க முடியாது. குற்றாலத்துல விளக்கு வெளிச்சத்துல ராத்திரி குளிக்கிற சுகம் இங்க கிடையாது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில் கூட்டத்துல அந்தப் பக்கமே திரும்ப முடியாது. நமக்குத்தான் அன்னைக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் இருக்கே. மேல கல்யாண தீர்த்தம் வரைக்கும் ஒரே ஒரு தடவைதான் ஏறியிருக்கேன். ஆழம் பார்த்ததுமே பிள்ளைகளை இழுத்துட்டு இறங்கிட்டதால, அதைப் போங்கன்னும் சொல்ல மாட்டேன், போகாதீங்கன்னும் சொல்ல மாட்டேன்.

தூரத்துல பெரிய வித்தியாசமில்லை. சாயல்குடி, தூத்துக்குடி வழியா நெல்லை போய், அங்கேருந்து அம்பாசமுத்திரம் ரோட்டைப் பிடிக்கணும். பாபநாசத்துலேர்ந்து குற்றாலம் சுமார் நாப்பது கிலோமீட்டர்தான். குளிச்சு முடிச்சதும் மச்சான் வண்டியைத் தென்காசிப் பக்கம் திருப்பினார். நானும் ஒண்ணும் சொல்லலை. பார்டர் புரோட்டாவுக்குத் தடைக்காலம் கிடையாதே.