மழை வெள்ளத்தில் உதவ: தெருக் குழுவா, ரெட் கிராஸா, கூஞ்சா, ஆப்த மித்ராவா?

ஒவ்வொரு வருடமும் நவம்பர், டிசம்பரில் சென்னைக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் "நானும் ஏதாவது செய்யணும், யாரோட சேரலாம்?" என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். நல்ல மனசோடு வருகிறவர்களின் உழைப்பு வீணாகாமல் இருக்க வேண்டும் என்பதால்தான் இந்த அலசல். நான்கு வழிகளை வைத்துப் பார்க்கிறேன். தெருவில் தானாகக் கூடும் குழு, இந்திய ரெட் கிராஸ், துணி சேகரிக்கும் கூஞ்ச், பேரிடர் தன்னார்வலர்களுக்கான அரசின் ஆப்த மித்ரா திட்டம். எடை போட நான் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: முதல் இரண்டு நாள் எல்லாருமே களத்தில் இருப்பார்கள், பத்தாம் நாள் யார் இருப்பார்கள்?

வேகம் என்று பார்த்தால் தெருக் குழுவை யாரும் தொட முடியாது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டி அடையாறு கரை மீறியபோது, மொட்டை மாடியில் நின்றவர்களை இறக்கிக் கொண்டுவந்ததில் கடற்கரைக் குப்பங்களிலிருந்து படகோடு வந்த மீனவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்து ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு சிக்கி நின்றதே, அவர்களுக்குச் சோறு வடித்துப் போட்டது பக்கத்து மேலப்புதுக்குடி ஊர்க்காரர்கள்தான். பதிவு எண், சீருடை, பயிற்சிச் சான்றிதழ் என்று எதற்கும் காத்திருந்தால் அது நடந்திருக்குமா? எந்த வீட்டில் படுத்த படுக்கையாகப் பாட்டி இருக்கிறார், எந்தச் சந்தில் பள்ளம் என்பதெல்லாம் அந்தந்தத் தெருக்காரருக்குத்தான் தெரியும்.

ஆனால் சிக்கலும் அங்கேயே இருக்கிறது. "இந்த முகாமுக்கு உடனே பால் பவுடர் வேண்டும்" என்று ஒரு வாட்ஸப் செய்தி கிளம்பும், அதில் தேதியும் இருக்காது நேரமும் இருக்காது, தேவை தீர்ந்து இரண்டு நாள் கழித்தும் அது சுற்றிக்கொண்டே இருக்கும், நாற்பது பேர் பால் பவுடரோடு வந்து நிற்பார்கள். மாநகராட்சிப் பள்ளியில் நடக்கும் முகாம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மதியம் மூன்று இடத்திலிருந்து சாம்பார் சாதப் பொட்டலம் வந்து குவிந்து, மாலைக்குள் ஊசிப்போய், கொட்டுவதற்கே ஆள் தேவைப்படும். அதே முகாமில் காலை ஆறு மணிக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. நாப்கின், முதியோர் டயப்பர், கொசுவத்தி, மாற்று உள்ளாடை இவற்றை யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்புறம் பணம். தனியார் ஒருவரின் ஜிபே எண்ணுக்கு வசூல் வந்து, கணக்கு எழுத ஆளில்லாமல், நல்லவர்கள்கூடக் கெட்ட பெயர் வாங்குகிறார்கள். தெருக் குழுவில் சேர்வதாக இருந்தால் முதல் நாளே ஒருவர் வரவு செலவு எழுதி தினமும் ராத்திரி குழுவில் போட வேண்டும் என்று பிடிவாதமாகக் கேளுங்கள். ஒரு வாரத்தில் வேலைக்கும் பள்ளிக்கும் எல்லாரும் திரும்பிவிட, குழு அநேகமாகக் கலைந்துவிடும். சேற்றைக் கழுவி, நனைந்த ரேஷன் அட்டைக்கும் ஆதாருக்கும் மறுபடி விண்ணப்பித்து, பள்ளிப் புத்தகம் தேடி அலையும் கட்டத்தில் பக்கத்தில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.

ரெட் கிராஸ் இதற்கு நேர் எதிர். 1920இல் தனிச் சட்டத்தின் மூலம் ஏற்பட்ட அமைப்பு, மாநிலக் கிளை எழும்பூரில் இருக்கிறது, மாவட்டக் கிளைகளுக்கு ஆட்சியர்தான் தலைவர். பள்ளியில் ஜே.ஆர்.சி. (ஜூனியர் ரெட் கிராஸ்), கல்லூரியில் ஒய்.ஆர்.சி. (யூத் ரெட் கிராஸ்) என்று நம்மில் பலர் ஏற்கெனவே இதன் வழியாகத்தான் வந்திருப்போம். நடுநிலை இதன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று, அதனால் கட்சிக் கொடியோடு வருகிறவர்களோடு கலந்து நிற்க முடியாது, நின்று படம் எடுக்கவும் கூடாது. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், முகாமில் இருக்கிறவர்களுக்கும் நிம்மதி. குறை என்றால் நிதானம்தான். படிவம், உறுப்பினர் கட்டணம், பயிற்சித் தேதி என்று இழுக்கும், எந்த மாவட்டத்தில் கிளை எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்பது அங்கே பொறுப்பில் இருப்பவர்களைப் பொறுத்தது.

ஆனாலும் இங்கே கிடைக்கும் முதலுதவிப் பயிற்சிக்கு ஈடாக வேறொன்றையும் நான் சொல்ல மாட்டேன். இதயம் நின்றுபோனவருக்குச் செய்யும் சி.பி.ஆர். முதலுதவியை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சின் நடுவில் கையை வைத்து, பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. படிக்கும்போது சுலபமாகத் தெரியும், பொம்மையின் மேல் இரண்டு நிமிடம் விடாமல் செய்தால் தோள் கழன்றுவிடும், அப்போதுதான் எவ்வளவு பலம் போட வேண்டும் என்பது கைக்குப் புரியும். வெள்ளம் வடியும்போது வீட்டுக்குள் பாம்பு வருவது சகஜம். கடித்த இடத்தைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கையைக் காலை அசையவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்தவர் ஒரு தெருவில் ஒருவர் இருந்தாலே பெரிய விஷயம்.

கூஞ்ச் வேறு வகை. 1999இல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கியது, 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. சென்னையிலும் இயங்குகிறது. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் பக்கம் சாலையோரம் பழைய துணி மலையாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இவர்கள் வேலையின் அருமை தெரியும். அன்று வீடு இழந்த மீனவக் குடும்பங்கள் அந்தக் குவியலைத் தொடவே இல்லை, கிழிந்ததும் அழுக்குமாக, தங்களுக்குப் பழக்கமில்லாத உடுப்புமாக வந்ததை எதற்குத் தொட வேண்டும்? கூஞ்சில் தன்னார்வலரின் வேலை பெரும்பாலும் தரையில் உட்கார்ந்து பிரிப்பது. பொத்தான் இருக்கிறதா, ஜிப் ஓடுகிறதா, பாவாடைக்கு நாடா இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நாடா இல்லையென்றால் கோத்துவிட்டுத்தான் அடுத்த உருப்படியை எடுக்க வேண்டும், ஏனென்றால் வாங்குகிற பெண் அதற்காக இன்னொருவரிடம் போய் நிற்கக் கூடாது. உடுத்த முடியாத பருத்தித் துணி மாதவிலக்குத் துணியாகிறது, ஒரு பக்கம் எழுதிய தாள்கள் நோட்டாகின்றன. படகும் கிடையாது, மீட்பும் கிடையாது, யாரும் கை தட்ட மாட்டார்கள், தூசியில் தும்மல் வரும். ஆனால் பிப்ரவரியிலும் ஜூலையிலும் வேலை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரம் உள்ளவர்கள், கனம் தூக்க முடியாதவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் யோசிக்காமல் இங்கே போகலாம்.

ஆப்த மித்ராவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் திட்டம், மாவட்ட நிர்வாகம் வழியாக 18 முதல் 40 வயதுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து 12 நாள் பயிற்சி தருகிறார்கள். கயிறு, படகு, தேடல், முதலுதவி எல்லாம் உண்டு. உபகரணப் பையும் காப்பீடும் உண்டு. தண்ணீரில் இறங்கத்தான் ஆசை என்றால் இதுதான் சரியான வழி, பயிற்சி இல்லாமல் இறங்குகிறவரைக் காப்பாற்ற இன்னும் இரண்டு பேர் இறங்க வேண்டியிருக்கும். சேர்க்கை எப்போதும் திறந்திருக்காது, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். என்.சி.சி., என்.எஸ்.எஸ். மாணவர்களுக்கு யுவ ஆப்த மித்ரா என்று தனியாக ஒன்றும் வந்திருக்கிறது, கல்லூரியில் விசாரியுங்கள்.

என்னைக் கேட்டால், ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். ரெட் கிராஸில் முதலுதவி கற்றுக்கொண்டு தெருக் குழுவில் நில்லுங்கள், அந்தக் குழுவுக்கு இல்லாத திறமையை நீங்கள் கொண்டுபோகிறீர்கள். பத்தாம் நாள் என்ற கேள்விக்குக் கூஞ்ச் போல வருடம் முழுக்க இயங்கும் அமைப்புதான் பதில், தெருக் குழு கலைந்தபின் உங்கள் நேரத்தை அங்கே கொடுக்கலாம். எங்கே சேர்ந்தாலும் முதலில் மூன்று விஷயம் கேளுங்கள்: பெண் தன்னார்வலர்கள் இரவில் எப்படி வீடு திரும்புவார்கள், முகாமில் இருப்பவர்களைப் படமெடுக்க அனுமதி உண்டா, எனக்கு அடிபட்டால் யார் பொறுப்பு. முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும், அதனால் ஆகஸ்ட் செப்டம்பரிலேயே பெயர் கொடுத்துவிடுங்கள். மழைக்கு நடுவில் புதிதாக வருகிறவருக்கு வேலை சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077, இரண்டையும் இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.