தடையா, சரிபார்ப்பா, நீதிமன்ற உத்தரவா? துப்பாக்கிச் சட்டத்தில் அமெரிக்க செனட்டின் தயக்கம்

சான்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 2012 டிசம்பர் 14 அன்று 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நான்கு மாதங்கள் கழித்து அமெரிக்க செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்த இரண்டு முக்கிய யோசனைகளும் தோற்றன. டெக்சாஸின் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் பலியான பிறகு, 2022 ஜூனில், மூன்றாவது வழி ஒன்று சட்டமானது. இந்த மூன்றில் எது உயிர்களைக் காக்கும் என்பதும், எதை ஆதரிக்க அரசியல்வாதிகள் துணிவார்கள் என்பதும் வெவ்வேறு கேள்விகள்.

முதல் வழி, தாக்குதல் ரகத் துப்பாக்கிகளுக்கு, அதாவது ராணுவத் துப்பாக்கிகளை ஒத்த அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு, தடை. 1994இல் வந்த இத்தடை பத்து ஆண்டுகளில் காலாவதியானது. அது நிறைவேறிய ஆண்டின் நவம்பரிலேயே ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையை இழந்தது. சபாநாயகர் டாம் ஃபோலியே தம் தொகுதியில் தோற்றார். துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்தால் தோற்போம் என்ற அச்சம் கட்சியை நெடுங்காலம் விடவில்லை. 2013இல் 100 பேர் கொண்ட செனட்டில் தடைக்குக் கிடைத்த ஆதரவு 40 வாக்குகள்தான். பெரும்பாலான கொலைகள் கைத்துப்பாக்கியால் நடப்பவை என்பதால் இத்தடையின் பயன் குறுகியதே. எனினும், பத்துக்கு மேல் தோட்டா கொள்ளும் மேகசின்களைத் தடுத்த பகுதி, பள்ளிப் படுகொலைகளை எண்ணும்போது இன்றும் வாதாடத் தக்கது.

இரண்டாவது வழி, வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்ப்பது. 1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டம் உரிமம் பெற்ற வணிகர்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. தனியாள் விற்பனைக்கு அது பொருந்தாது. துப்பாக்கிக் கண்காட்சிகளிலும் இணையத்திலும் நடக்கும் விற்பனைக்கும் சரிபார்ப்பை விரிக்க ஜனநாயகக் கட்சியின் ஜோ மான்சினும் குடியரசுக் கட்சியின் பாட் டூமியும் ஆகிய செனட்டர்கள் முன்மொழிந்தனர். குடும்பத்தினரிடையேயான கைமாற்றத்துக்கு அதில் விலக்கு இருந்தது. தேசியப் பதிவேடு அமைப்பதை அது வெளிப்படையாகத் தடுத்தது. கருத்துக்கணிப்புகளில் பத்தில் ஒன்பது பேர் இக்கருத்தை ஆதரித்தும், 60 வாக்குகள் தேவைப்பட்ட இடத்தில் 54 மட்டுமே கிடைத்தன.

காரணம் எளிது. ஆதரிக்கும் பெரும்பான்மையினர் இதை மட்டுமே வைத்து வாக்களிப்பதில்லை. எதிர்க்கும் சிறுபான்மையினரில் பலர் இதை மட்டுமே வைத்து வாக்களிக்கிறார்கள், அதுவும் கூட்டம் குறைந்த உட்கட்சித் தேர்தல்களில் தவறாமல் வந்து வாக்களிக்கிறார்கள். சரிபார்ப்பையும் மேகசின் வரம்பையும் சட்டமாக்கிய கொலராடோவில், மாநில செனட் தலைவர் ஜான் மோர்ஸ் உட்பட இருவர் 2013 செப்டம்பரில் திரும்ப அழைக்கும் தேர்தலில் பதவியிழந்தது இந்த அச்சத்துக்கு உண்மையான ஆதாரம். ஆனால் மான்சின்–டூமி யோசனையை எதிர்த்து வாக்களித்த ஜனநாயகக் கட்சி செனட்டர்களான அலாஸ்காவின் மார்க் பெகிச்சும் ஆர்கன்சாவின் மார்க் பிரையரும் 2014இல் தோற்கவே செய்தனர். இந்த மறுபக்கம் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

மூன்றாவது வழி, தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவர் எனக் கருதப்படுபவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவின்பேரில் தற்காலிகமாகத் துப்பாக்கியைப் பெற்றுவிடுவது. பார்க்லண்ட் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் 17 பேர் இறந்த பின் 2018இல் ஃபுளோரிடாவில் இதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் ஸ்காட். 2022ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஏற்கும் மாநிலங்களுக்கு நிதி தருகிறது, 21 வயதுக்குட்பட்டவர்கள் வாங்கும்போது கூடுதல் சோதனை கோருகிறது. அது 65க்கு 33 என நிறைவேறியது. ஆதரித்த 15 குடியரசுக் கட்சியினரில் அந்த நவம்பரில் வாக்காளர்களைச் சந்திக்க வேண்டியிருந்தவர்கள் இருவர் மட்டுமே, நால்வர் ஓய்வுபெறவிருந்தவர்கள்.

எளிதில் நிறைவேறியது என்பதாலேயே மூன்றாவதைச் சிறந்ததென நான் கொள்ளமாட்டேன். யாரேனும் ஆபத்தை முன்கூட்டி உணர்ந்து அதிகாரிகளிடம் சொன்னால்தான் அது இயங்கும். அப்படிப் பறித்த பின்னும், தனியாள் விற்பனையில் சோதனையற்ற மாநிலங்களில் அதே மனிதர் இன்னொன்றை வாங்கிவிட முடியும். ஆகவே மூன்றாவது முழுமை பெற இரண்டாவது வேண்டும். கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 14 பேர் கொல்லப்பட்ட மறுநாள், 2015 டிசம்பர் 3 அன்று, மான்சின்–டூமி யோசனை மீண்டும் செனட்டின் முன் வந்தது. அம்முறை அதற்குக் கிடைத்தவை 48 வாக்குகள்.